காற்றின் கணக்கில்

இரண்டு மணி நேரம், அது போதும், அதற்கு மேல் ஒரு நிமிடம்கூட வேண்டாம், ஆனால் அதில் கொஞ்சம் குறைந்தாலும் எல்லாம் போச்சு என்று ஜானெல் வெட்டர் எண்ணிக்கொண்டிருந்தபோது ஃபார்கோவின் விளக்குகள் விமானத்தின் வாலுக்குப் பின்னால் போய்விட்டிருந்தன, முன்னால் மேற்கே ஒன்றுமில்லை, வடக்கு டகோடாவின் மார்ச் மாத இருட்டு, அதில் மைலுக்கு ஒன்றாகப் பண்ணை வீட்டு விளக்குகள், யாரோ கைதவறிச் சிந்திய மாதிரி... மணி பார்க்க அவளுக்குக் கடிகாரம் தேவையில்லை, கருவிப் பலகையின் கீழ் ஓரத்தில், முழங்காலுக்குப் பக்கத்தில், ஒரு சின்ன மீட்டர் இருக்கிறது, எஞ்சின் உயிர் பெற்ற நொடியிலிருந்து அது ஓடும், பழைய கார்களில் மைல் காட்டும் உருளைகள் மாதிரிதான் இதிலும், கடைசி உருளை மட்டும் வெள்ளை நிறம், அது ஒரு எண் நகர ஆறு நிமிடம் ஆகும், ஒரு மணியைப் பத்தாக வெட்டியதில் ஒரு துண்டு, விமானிகளின் கணக்கில் அதற்குக் கீழே சில்லறை கிடையாது. ஆயிரத்து ஐந்நூறு மணி பறந்திருந்தால்தான் பயணிகள் விமானத்தின் வலது இருக்கையில், துணை விமானியாக, உட்காரவைப்பார்கள், அவளிடம் நேற்று வரை இருப்பது ஆயிரத்து நானூற்றுத் தொண்ணூற்றெட்டு, அதையும் யாரும் சும்மா தரவில்லை, வசதியான வீட்டுப் பிள்ளைகள் விமானத்தை வாடகைக்கு எடுத்து வானத்தைச் சுற்றிச் சுற்றி வந்து சேர்ப்பார்கள், மற்றவர்கள் வயலுக்கு மருந்தடிப்பார்கள், புதியவர்களுக்குக் கற்றுக்கொடுத்து அவர்களுடைய தவறுகளுக்கு நடுவே உயிர் பிழைப்பார்கள், அல்லது இவளைப்போல ஊர் தூங்கும்போது ஒற்றை எஞ்சின் சரக்கு வண்டியில் ட்ராக்டர் பெல்ட்டும் நாய்த் தீனியும் யாரோ இணையத்தில் வாங்கிய செருப்பும் ஏற்றிக்கொண்டு, பேச்சுத் துணைக்கு ஆளில்லாமல்... சரி, இதெல்லாம் தெரிந்ததுதானே, இப்போது எதற்கு?

எதற்கென்றால் இன்றைக்குத்தான் கடைசி. இன்று நண்பகலுக்குள் கணக்கு போய்ச் சேர்ந்தால் வரும் திங்கட்கிழமை தொடங்கும் விமான நிறுவனப் பயிற்சி வகுப்பில் அவளுக்கு இடம், இல்லையென்றால் அடுத்த வகுப்பு இலையுதிர்காலத்தில், அதுவும் நிச்சயமில்லை. நாளைக்குப் பறந்தால் என்ன என்று அம்மா தொலைபேசியில் கேட்டாள், "ரெண்டு மணி நேரந்தானடி, அதுக்கா இந்தப் பாடு?" என்றாள், அம்மாவுக்கு எப்படிச் சொல்வது, விமான நிறுவனத்தில் கெட்டிக்காரத்தனத்துக்கு வரிசை கிடையாது, சேர்ந்த தேதிக்குத்தான் வரிசை, அந்த எண்ணை வைத்துத்தான் எந்த விமானம், எந்த ஊர், கிறிஸ்துமஸுக்கு வீடா வானமா, எந்த வயதில் கேப்டனின் இடது இருக்கை, எல்லாம், ஆறு மாதம் பிந்தினால் அந்த ஆறு மாதத்தில் நுழைந்த அத்தனை பேரும் ஓய்வு பெறும்வரை உனக்கு முன்னால் நிற்பார்கள், எவ்வளவு நன்றாகப் பறந்தாலும் அவர்களை நீ தாண்ட முடியாது... இப்போது போய்க்கொண்டிருக்கும் ஆஸ்பெர்க்கில் சரக்கை இறக்கிய பிறகு விமானம் பகல் முழுக்க அங்கேயே கிடக்கும், சாயங்காலம்தான் அங்கத்திய பார்சல்களோடு திரும்பும், ஆக நண்பகலுக்கு முன் அவள் கையில் இருப்பது இந்த ஒரு போக்கு மட்டும். இதில் இரண்டு மணி ஆக வேண்டும். ஆகும், எப்போதும் ஆகியிருக்கிறது, போன செவ்வாய்க்கிழமை இரண்டே கால்கூட ஆனது... போன செவ்வாய்க்கிழமை. அதை இப்போது நினைக்க வேண்டாம்.

எட்டாயிரம் அடியில் விமானம் சமநிலைக்கு வந்தது, கீழே மேகம், மேலே நட்சத்திரம், கை தானாகவே நடுவிலிருந்த விசைப்பிடியைப் பின்னால் இழுத்தது, ஒரு விரல் அகலம், அவ்வளவுதான், எஞ்சினின் குரல் ஒரு படி இறங்கியது, தூங்கப் போகும் ஆள் பேசுகிற மாதிரி. இதைச் சொல்லிக்கொடுத்தது ட்ரெவர், இவளுக்கு முன்னால் இந்த வழியில் ஓட்டியவன், இப்போது எங்கோ டல்லஸில் கேப்டனின் நான்கு பட்டைச் சட்டைக்குக் காத்திருக்கிறான், முதல் வாரம் பக்கத்தில் உட்கார்ந்து பறந்தபோது பிஸ்தாப் பருப்பின் தோலைத் தன் தொப்பிக்குள் துப்பிக்கொண்டே சொன்னான், "ஏய் வெட்டர், அவசரமா போயி என்ன மெடலா வாங்கப் போற? ஒரு விரல் பின்னாடி இழு. காத்து எங்க எதுத்து வீசுதோ அங்க ஏறு. வருஷத்துக்கு நூறு மணி உனக்கு எச்சா கெடைக்கும், எவனுக்கும் நஷ்டமில்ல." யாராவது கேட்டால்? "மேகத்துல ஐஸ் இருந்துச்சுன்னு சொல்லு. ஐஸ்னா எவனும் மறுபேச்சு பேசமாட்டான்." பத்தில் ஒன்று எடுப்பது என்று அவர்களுக்குள் அதற்குப் பேர், இரவுச் சரக்கு ஓட்டுகிறவர்கள் எல்லோருக்கும் தெரிந்த வழக்கம், அலுவலகத்துக்கும் தெரியாமலா இருக்கும், அங்கே எரிபொருள் மிச்சம் பிடித்தவர்கள் பட்டியலில் இவள் பெயர் முதலில் வந்து, ஒரு மாதம் சுவரில் படம்கூட மாட்டினார்கள். எதிர்காற்று என்பது ஆற்றை எதிர்த்துப் போகும் படகு மாதிரி, படகு தண்ணீரைக் கிழிப்பது அதே வேகத்தில்தான், கரைதான் மெதுவாக நகர்கிறது, மேலே போகப் போக இந்த ஆற்றுக்கு இழுப்பு அதிகம், தரைக்குக் கிட்டே மரமும் மேடும் தடுத்துத் தடுத்து அதற்கு வேகம் குறைவு, ஆகவே சீக்கிரம் போக நினைப்பவன் மேற்கே தாழப் பறப்பான், காலம் சேர்க்க நினைப்பவன் உயரப் பறப்பான், இதில் பொய் எங்கே இருக்கிறது, பறந்தது பறந்ததுதானே, அந்த நிமிடங்களில் அவள் காற்றில்தானே இருந்தாள்...

பெட்டி மட்டும் இல்லாமலிருந்தால். அது இவளுக்குப் பின்னால் ஒரு கை நீளத்தில், தரையில் வாரால் இறுக்கிக் கட்டிக் கிடக்கிறது, பார்த்தால் ஒரு தகர டப்பா, தூக்கினால் தோள் கழலும், உள்ளே முழுக்க ஈயம், அந்த ஈயத்துக்கு நடுவே சுண்டுவிரல் அளவுக்குக் கொஞ்சம் மருந்து, குண்டூசிக்குக் கோட்டைச் சுவர். செவ்வாய்க்கிழமைகளில் மட்டும் வரும். ஃபார்கோவின் ஓரத்தில் ஜன்னலே இல்லாத ஒரு கட்டடத்தில் நள்ளிரவுக்கு மேல் அதைச் சமைக்கிறார்கள், சமைக்கிறார்கள் என்றுதான் சொல்வார்கள், ஒரு தடவை அங்கே வேலை செய்யும் ஆள் சரக்கு ஏற்றும்போது அவளுக்கு விளக்கினான், அது வேறொன்றும் இல்லை, சர்க்கரை, அதன் முதுகில் கொஞ்சம் கதிர்வீச்சைக் கட்டிவிட்டிருக்கிறது, உடம்பில் ஏற்றினால் எங்கே பசி அதிகமோ அங்கே ஓடும், உடம்புக்குள்ளே எல்லாவற்றையும்விடப் பேராசைப் பசி புற்றுக்கட்டிக்குத்தான், அங்கே போய்க் குவிந்து மினுங்கும், கருவி அந்த மினுக்கத்தைப் படம் பிடிக்கும், அதனால்தான் படத்துக்கு வருகிறவர் முந்தின இரவிலிருந்து பட்டினி கிடக்க வேண்டும், உடம்பின் மற்ற இடங்களுக்கு வேலை இல்லாமல் இருக்கவேண்டுமே. அவளுக்கு இதெல்லாம் கேட்கக் கேட்கப் பிடிக்கும், எப்படி ஓடுகிறது என்று தெரிந்துவிட்டால் எதுவும் பயமுறுத்தாது. ஆனால் அடுத்ததாக அவன் சொன்னது: அந்த முதுகுச் சுமை தானாகவே அணைந்துகொண்டே போகும், அடுப்பு இல்லாமலே வற்றுகிற குழம்பு மாதிரி, இரண்டு மணி ஆவதற்குள் பாதி போய்விடும், மிச்சத்தில் பாதி அடுத்த இரண்டு மணிக்குள், பூட்டி வைத்தாலும் குளிரில் வைத்தாலும் ஈயத்துக்குள் புதைத்தாலும் நிற்காது. வழியில் தொலையப் போவதைக் கணக்குப் போட்டுக் கூடுதலாக ஊற்றித்தான் அனுப்புவார்கள், விமானம் வழக்கமாக எடுக்கும் நேரத்துக்கு, அதற்கு மேல் கொஞ்சம் தாமதத்துக்கும்... கேட்டபோது அவளுக்குச் சிரிப்பு வந்தது, முன்னால் ஒரு மீட்டர் ஆறு நிமிடத்துக்கு ஒன்றாகக் கூட்டிக்கொண்டே போகிறது, பின்னால் ஒரு பெட்டி கழித்துக்கொண்டே வருகிறது, நடுவில் நான்.

சிரித்தாளே, அப்போது. இப்போது மினியாபொலிஸ் கட்டுப்பாட்டு அறையிலிருந்து அந்தத் தூக்கம் கலக்காத ஆண் குரல், முகம் தெரியாத ஆள், இரவுகளில் அவளுக்கு இருக்கும் ஒரே குரல், "எட்டாயிரத்துல காத்து ரொம்ப அடிக்குதுன்னு முன்னாடி போனவர் சொன்னாரு, உங்களுக்கு எப்படி?" என்றது, இருக்கிறது, இறக்கையைப் பிடித்து நிறுத்துகிற மாதிரி, திரையில் தரைவேகம் நூறுக்கு வந்துவிட்டது, நெடுஞ்சாலையில் போகிற பிக்கப் டிரக்கைவிடக் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான், "இருக்கு, ஆனா தாங்கலாம்" என்றாள், "நாலாயிரத்துல கம்மியா இருக்கு, வேணும்னா சொல்லுங்க" என்றது குரல். வேண்டுமென்றால். ஏன் அதை என்னிடம் கேட்கிறாய்? இறங்கிப் போ என்று உத்தரவு போட்டால் என்ன, போய்விடலாமே, என் தலையில் ஏன்... "பாத்துட்டுச் சொல்றேன்" என்றாள். எதைப் பார்ப்பது?

போன செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்கு அவள் ஆஸ்பெர்க் பெட்ரோல் பங்க்கை ஒட்டிய உணவகத்தில் உட்கார்ந்திருந்தாள், தூங்கி எழுந்து, தலை கலைந்து, முட்டையைக் கிண்டிக்கொண்டு, அடுத்த மேஜையில் ஐம்பத்தைந்து வயதிருக்கும் ஒரு பெண்மணி, பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவர்களின் மஞ்சள் பட்டை வைத்த மேல்சட்டை, முன்னால் இரண்டு தட்டு பான்கேக், ஒன்றை முடித்துவிட்டு மற்றதற்கு சிரப் ஊற்றிக்கொண்டிருந்தாள். பரிமாறுகிற பெண் காப்பியை ஊற்றிக்கொண்டே, "என்ன லோரெட்டா, ஊருக்கே சேத்துச் சாப்பிடறீங்களா?" என்று கேட்டாள். "நேத்து சாயங்காலத்துலேர்ந்து பட்டினிடி. படம் எடுக்கப் போனேன்." "எடுத்தாச்சா?" "எங்க? எனக்கு முன்னாடி ரெண்டு பேருக்கு ஏத்திட்டாங்க. எனக்கு வரும்போது மருந்து செத்துப்போச்சாம். பொட்டி லேட்டா வந்துச்சாம்." "முதல் ஆளாப் போயிருக்கலாமில்ல?" "புள்ளைங்கள யாரு ஸ்கூல்ல எறக்குவா, நீ எறக்குவியா? பஸ்ஸ விட்டுட்டுத்தான் போவேன், நான் எப்பவும் கடைசிதான்." அப்புறம் முள்கரண்டியை நிறுத்தி, "அந்த ஸ்கேன் லாரி வாரத்துக்கு ஒரு நாள்தானே வருது, அடுத்த செவ்வாக்கெழம வரச் சொல்லிட்டாங்க. ஒரு வாரத்துல என்ன ஆயிடப்போவுது, உள்ள இருக்கறது எங்கயும் ஓடிப்போயிடாது" என்றாள், சொல்லிவிட்டு அவளே, "ஓடிப்போனாத்தான் தேவல" என்று சிரித்தாள், பரிமாறுகிறவளும் சிரித்தாள், சிரித்துக்கொண்டே காப்பியைக் கொஞ்சம் மேஜையில் கொட்டினாள். ஜானெல் தன் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். முட்டை ஆறிப்போயிருந்தது. எழுந்து போய் என்ன சொல்வது, அம்மா, நான்தான் அந்தப் பெட்டி, என்றா?

சாயங்காலம் வெர்ன் வந்தான், விமானத்திலிருந்து பெட்டியை வாங்கிக்கொண்டு போய் மருத்துவமனை வாசலில் நிற்கும் லாரியில் சேர்ப்பவன், திரும்பும் பார்சல்களை ஏற்றுகிறவனும் அவனே, ஓயாமல் பேசுவான், தன்னுடைய மூன்று முன்னாள் மனைவிகளைப் பற்றி மரியாதையாகவும் நடப்பு ட்ரக்கைப் பற்றி மரியாதையில்லாமலும் பேசுவான், அன்று மட்டும் பார்சலைக் கை மாற்றும்போது முகத்தைப் பார்க்காமல், "காலைல லேட்டாயிடுச்சே. காத்தா?" என்றான். காத்தா? அவள் யோசிக்கக்கூட இல்லை. "ஆமா, காத்து." "காத்து என்ன பண்ணும் பாவம், அதுக்கு வீசத்தான் தெரியும்" என்றான். அவ்வளவுதான் பேச்சு. அவன் கேள்வியிலேயே பதிலை வைத்துக் கொடுத்தான், அவள் எடுத்துக்கொண்டாள், யாராவது கதவைத் திறந்து பிடித்தால் நுழைந்துவிடுவதில்லையா, அப்படி... வாரம் முழுக்க அவள் அதைப் பற்றி நினைக்கவில்லை என்றுதான் நினைத்திருந்தாள், ஆனால் ஒவ்வொரு இரவும் மெத்தையில் புரளும்போது அந்த வார்த்தை, காத்து, காத்து, பல்லில் சிக்கிய நார் மாதிரி. அன்று காற்று இருந்ததா இல்லையா? கொஞ்சம் இருந்தது. மேலே இருந்தது. தேடிப் போனால் எங்கேதான் காற்று இருக்காது?

மூன்றே துண்டு நகர்ந்திருக்கிறது மீட்டரில். இப்படியே, இந்த உயரத்தில், இந்தக் குரலில் போனால் இரண்டு மணி தாண்டி இன்னும் கொஞ்சம் வரும், நிச்சயம், படுத்துக்கொண்டே வரும். இறங்கி நாலாயிரத்தில் முழு பலத்தோடு போனால்... அவள் மனதுக்குள் வகுத்தாள், தூரத்தை வேகத்தால், காற்றைக் கழித்து, இறங்கும் நேரத்தைக் கூட்டி, இரண்டுக்கு வராது, ஒன்று தசம் ஒன்பது, கூடினாலும் குறைந்தாலும் அதன் பக்கத்திலேயேதான், ஒரே ஒரு துண்டு குறையும். ஆறு நிமிடம். ஆறு நிமிடத்தில் ஒரு ஆளுக்கு என்ன ஆகிவிடும்? ஆனால் பெட்டியின் பக்கம் ஆறு நிமிடம் இல்லையே, மேலேயே மிதந்துகொண்டு போனால் அரை மணிக்குப் பக்கம் பிந்தும், போன வாரத்தைவிடக் காற்று அதிகம், பெட்டிக்குள்ளிருப்பது அரை மணியில் ஆறில் ஒரு பங்காவது போய்விடும், கடைசி ஆளுக்கு ஏற்றும்போது... லோரெட்டா இன்றைக்கும் கடைசிதானே, பேருந்தை விட்டுவிட்டுத்தானே வருவாள். மேகத்துக்குள் ஐஸ் இருக்குமே, நாலாயிரம் அடி என்றால் மேகத்துக்கு நடுவே, இந்த விமானத்துக்கும் ஐஸுக்கும் ஆகாது, அது எல்லோருக்கும் தெரியும், இறக்கையின் முன்விளிம்பில் ஒட்டிக்கொண்டு அதன் வளைவையே கெடுத்துவிடும், வளைவு போனால் தூக்குவது போகும், யாரும் குறை சொல்ல மாட்டார்கள், பாதுகாப்புதான் முதலில், பாதுகாப்பு... ட்ரெவர் சிரிப்பது கேட்டது. வெளி வெப்பமானியைப் பார்த்தாள், மேலேயே பூஜ்யத்துக்குக் கீழே இருபது தாண்டியிருந்தது, கீழேயும் இன்று அதே நிலைதான் என்று புறப்படும் முன் படித்ததும் நினைவிருக்கிறது, இவ்வளவு குளிரில் மேகத்துக்குள் தண்ணீரே இராது, ஏற்கெனவே உறைந்து பொடியாகிவிட்டிருக்கும், பொடி இறக்கையில் ஒட்டாது, மாவு தூவின மாதிரி வழுக்கிப் போய்விடும், ஒட்டுவது உறையாமல் காத்திருக்கிற ஈரம்தான், சற்றே குளிரான மேகம்தான் ஆபத்து, மிகக் குளிரான மேகம் சாது. இதைத் தேர்வில் எழுதி முழு மதிப்பெண் வாங்கியவள் அவள். போன செவ்வாயும் இதே குளிர். போன செவ்வாயும் மேகத்தைக் காட்டித்தான் மேலே நின்றாள். எப்படி ஓடுகிறது என்று தெரிந்துவிட்டால் எதுவும் பயமுறுத்தாது என்று சொல்லிக்கொள்வதெல்லாம் சரிதான், ஆனால் தெரிந்த பிறகு தெரியாத மாதிரி இருக்க முடியாதே, அது ஒரு சங்கடம்.

எது முடிவு செய்தது என்று அவளால் பின்னால் சொல்ல முடியவில்லை, பெரிதாக ஒன்றும் நினைத்த ஞாபகம் இல்லை, பட்டினி கிடந்துவிட்டு பான்கேக் சாப்பிடுகிற வாய், அதன் ஓரத்தில் சிரப், அது வந்தது, அதற்குப் பிறகு தன் குரலைத்தான் கேட்டாள், "நாலாயிரம் கேக்கறேன்." "நல்லது, நாலாயிரத்துக்கு எறங்குங்க" என்றது குரல், ஏதோ காப்பிக்குச் சர்க்கரை வேண்டுமா என்று கேட்டு வேண்டும் என்ற பதிலைப் பெற்ற மாதிரி, அவ்வளவு சாதாரணமாக. விமானத்தின் மூக்கைத் தாழ்த்தினாள், விசைப்பிடியை முன்னால் தள்ளினாள், எஞ்சின் விழித்துக்கொண்டது, மேகம் வந்து கண்ணாடியில் மோதியது, விளக்கைப் போட்டு இறக்கையைப் பார்த்தாள், பனிப்பொடி கோடு கோடாகப் பறந்து பின்னால் போனது, ஒன்றும் ஒட்டவில்லை, சாதுதான். நூற்றிருபது, நூற்றிருபத்தைந்து, நூற்று முப்பது... தரைவேகம் ஏறியது, வேகத்தில் ஒரு சுகம் இருக்கிறது, அவள் மறந்தே போயிருந்தாள், இந்த விமானத்துக்கு இப்படி ஒரு குரல் இருப்பது, நெஞ்சுக்கூட்டில் அதிர்வது, இரண்டு வருடமாக இதைத் தூங்கவைத்தே ஓட்டியிருக்கிறேன், குதிரையைக் கழுதை மாதிரி. சந்தோஷமாக இருந்தது, அதுதான் வெட்கம், நல்ல காரியம் செய்கிற ஆளுக்கு வலிக்க வேண்டாமா? திங்கட்கிழமை, வகுப்பு, வரிசை எண், அம்மா, சுவரில் மாட்டிய படம் எல்லாம் எங்கோ எட்டாயிரம் அடியில் தங்கிவிட்டன... இல்லை, தங்கவில்லை, ஆஸ்பெர்க்கின் ஓடுதள விளக்குகள் இரண்டு வரியாகத் தெரிந்ததும் இறங்கி வந்து பக்கத்து இருக்கையில் உட்கார்ந்துகொண்டன.

கிழக்கே வெளுத்திருந்தது. இறங்கும்போது காற்று விமானத்தின் மூக்கைப் பிடித்துக் குலுக்கியது, தரையிலும் இன்று நல்ல காற்று, சக்கரம் தொட்டது, உருண்டது, விமானம் நிற்கிற இடத்தில் வெர்னுடைய வேன், முன்விளக்குகள் எரிந்துகொண்டு. நிறுத்தினாள். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. மீட்டரைப் பார்த்தாள். வெள்ளை உருளையில் ஒன்பது மேலே ஏறிப் போய்க்கொண்டிருந்தது, கீழேயிருந்து பூஜ்யத்தின் தலை எட்டிப் பார்த்தது, புறப்படும்போது அதில் நின்றதும் பூஜ்யம்தான், அது இரண்டாவது தடவையாக வந்தால் இரண்டு மணி. இன்னும் இரண்டு நிமிடம், மிஞ்சினால் மூன்று. விதிப்படி விமானம் நின்றதோடு கணக்கு முடிந்தது, ஆனால் மீட்டருக்கு விதி தெரியாது, எஞ்சின் ஓடினால் அதுவும் ஓடும், எல்லோரும் மீட்டரைத்தான் எழுதுவார்கள், யாரும் கேட்டதில்லை. எஞ்சின் சூட்டில் வந்திருக்கிறது, கொஞ்ச நேரம் மெதுவாக ஓடவிட்டு ஆற வைத்துத்தான் அணைக்க வேண்டும், அதுவும் உண்மைதான், ஓடுதளத்திலிருந்து உருண்டு வந்ததிலேயே ஆறிவிட்டது, அதுவும் உண்மைதான். விமானத்தின் மூக்கிலுள்ள விசிறி சுற்றும்வரை வெர்ன் தரையில் போட்டிருக்கும் சிவப்புக் கோட்டைத் தாண்டி வர மாட்டான், வரக் கூடாது, சுற்றுகிற விசிறி கண்ணுக்குத் தெரியாது, ஆளை வெட்டிவிடும். அவன் வேனிலிருந்து இறங்கிக் கோட்டின் மேல் நின்றான், கைகளை அக்குளில் செருகிக்கொண்டு, குளிரில் ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாறிக்கொண்டு. மூன்று நிமிடம். இவ்வளவு தூரம் ஓடி வந்தாயிற்று, அரை மணிக்குப் பக்கம் மிச்சம் பிடித்துக் கொடுத்தாயிற்று, அதில் மூன்றை எடுத்துக்கொண்டால்... அது நான் சம்பாதித்ததுதானே? இப்படித்தான் ட்ரெவரும் தொடங்கியிருப்பான். அவள் கை எரிபொருளை நிறுத்தும் பிடியின் மேல் இருந்தது. இருந்தது. வெர்ன் தலையைச் சாய்த்து இவளைப் பார்த்தான், என்ன என்கிற மாதிரி. இழுத்தாள். நெருப்பு செத்தது, பெருமூச்சு விடுகிற சத்தம், விசிறி மெல்ல மெல்லத் தன் நாலு கைகளைக் காட்டத் தொடங்கியது.

கதவைத் திறந்ததும் காற்று தொப்பியைப் பிடுங்கப் பார்த்தது. "என்ன கேப்டனம்மா, இன்னிக்கு சூரியனுக்கு முன்னாடியே வந்துட்டே? அந்த டப்பாவுக்குள்ள புது எஞ்சின் எதும் வெச்சாங்களா?" என்று கத்திக்கொண்டே வந்தான் வெர்ன். "பழசுதான், நல்லாத் தூங்கி எழுந்துச்சு" என்றாள். "என் ட்ரக்குக்கும் அந்தத் தூக்கத்தச் சொல்லிக்குடு." இருவருமாகப் பெட்டியைப் பிடித்து இறக்கினார்கள், அவன் முனகினான், "மூணாவது பொண்டாட்டியோட பெட்டிகூட இவ்வளவு கனமில்ல, போகும்போது பாதி வீட்டை அதுலதான் வெச்சு எடுத்துட்டுப் போனா." வேனின் பின்கதவை மூடும்போது அவன் தலையை நிமிர்த்தினான், அவன் பார்வை போன இடத்துக்கு அவளுடையதும் போனது, ஓடுதளத்தின் ஓரத்தில் கம்பத்தில் கட்டியிருக்கும் ஆரஞ்சுத் துணிப்பை, காற்றின் திசை காட்டுவது, அது விறைத்துக்கொண்டு நேராக, படுக்கைவாட்டில், மேற்கிலிருந்து கிழக்காக நின்றது, குழாய் மாதிரி, ஒரு சுருக்கம் இல்லாமல். மேற்கு. அவள் வந்தது அதை எதிர்த்து. "நல்ல காத்து இன்னிக்கு" என்றான் வெர்ன். "ஆமா." "இதுலயா இவ்ளோ சீக்கிரம் வந்தே?" "கீழ வந்தேன்." "ஓ" என்றான். பையையே பார்த்துக்கொண்டு, "போன செவ்வா இது தொங்கிப்போயில்ல கெடந்துச்சு" என்றான், பிறகு அவனே, "மேல எப்பிடியோ, மேல நெலவரம் நமக்கென்ன தெரியும்" என்று கையைத் துடைத்துக்கொண்டான். அவள் வாயைத் திறந்தாள். வெர்ன் அதற்குள் வேனில் ஏறிவிட்டிருந்தான், கண்ணாடியை இறக்கி, "லோரெட்டாகிட்ட நான்தான் சொன்னேன், காத்துன்னு" என்றான், குறையாகவும் இல்லை, ஆறுதலாகவும் இல்லை, காலையில் என்ன சாப்பிட்டான் என்று சொல்கிற குரல். "வரட்டா, இந்தக் கொழம்பு வத்தறதுக்குள்ள போயாவணும்." வேன் போனது, வழக்கத்தைவிட வேகமாகப் போன மாதிரி இருந்தது, அல்லது அவளுக்குத்தான் அப்படித் தோன்றியதோ.

அப்போதே தெரியுமா அவனுக்கு? காத்தா என்று கேட்டபோதே, பார்சலைப் பார்த்துக்கொண்டு, முகத்தைப் பார்க்காமல்... தெரிந்துதான் கேட்டானா, தெரியாமல் கேட்டு இன்று தெரிந்துகொண்டானா? சீக்கிரம் வந்துதானே மாட்டிக்கொண்டாள், இன்றும் பிந்தி வந்திருந்தால் பை விறைத்து நிற்பதைக் காட்டி, பார், காற்று என்று சொல்லியிருக்கலாம், யாரும் ஒன்றும் கேட்டிருக்க முடியாது, அவள் மெல்லச் சிரித்தாள், தனியாக, உதடு வெடித்த இடத்தில் வலித்தது. காக்பிட்டுக்குள் ஏறினாள், கணக்கு எழுத வேண்டும், நண்பகலுக்கு இன்னும் நேரம் இருக்கிறது. கைவிளக்கை மீட்டரின் மேல் பிடித்தாள். வெள்ளை உருளை நடுவழியில் நின்றுவிட்டிருந்தது, மேலே ஒன்பதின் வால், கீழே பூஜ்யத்தின் தலை, சட்டத்துக்குள் இரண்டும் பாதிப் பாதி. அவள் முதலில் அதை நம்பவில்லை, விரலால் கண்ணாடியைத் தட்டினாள், அசையவில்லை. பாதி தாண்டிவிட்டால் அடுத்த எண்ணை எழுதலாம் என்பது வழக்கம், எல்லோரும் அப்படித்தான். தாண்டிவிட்டதா? மீட்டர் தாழ இருக்கிறது, சட்டத்துக்குள் கொஞ்சம் குழிந்து, இருக்கையில் எம்பிப் பார்த்தால் சட்டத்தின் மேல் விளிம்பு ஒன்பதை மறைக்கிறது, பூஜ்யம் தெரிகிறது, இரண்டு மணி, திங்கட்கிழமை. தலையைத் தாழ்த்தி அதன் மட்டத்துக்கு வந்தால் ஒன்பதும் தெரிகிறது. எம்பினாள். தாழ்ந்தாள். மறுபடி எம்பினாள்... இத்தனை நாளும் எப்படிப் பார்த்தேன்? ஆயிரத்து நானூற்றுச் சொச்சம் மணி, ஒவ்வொரு போக்கின் முடிவிலும் ஒரு பார்வை, எழுதிவிட்டு இறங்கிவிடுவாள், ஒரு தடவையாவது குனிந்து மட்டத்துக்கு வந்து பார்த்ததாக ஞாபகம் இருக்கிறதா? யோசித்துப் பார்த்தாள். எம்பித்தான் பார்த்திருக்கிறாள், எப்போதும், எம்புகிறோம் என்றே தெரியாமல். அவள் எழுதுகோலின் மூடியைக் கழற்றாமல் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், வேலிக்கு அப்பால் மண் சாலையில் மஞ்சள் பேருந்து ஒன்று ஒரு பண்ணை வீட்டு வாசலில் நின்றது, சிவப்பு விளக்கு இரண்டும் மாறி மாறி மினுங்க, கதவு திறந்து, யாரோ ஒரு குழந்தை இன்னும் வந்து சேரவில்லை போலிருக்கிறது, அது நின்றுகொண்டே இருந்தது, அவசரமே இல்லாமல்.